ஏழு கிழமைக்கு என்னத்தைப் படிக்கிற?

தலைப்பில் இருப்பது வாப்பா தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி. கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். "ஏழு கிழமைக்கு என்னத்த மகள் படிக்கிற? உம்மம்மாவப் பார்த்துக்கொண்டு இரு, அது போதும்" என்றார். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த மறுகிழமை, உம்மம்மாவின் சிகிச்சைக்காக உம்மாவும் நானும் மருதமுனையிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி சுபஹு நேரத்தில் கொழும்பில் இறங்கினோம். மகரகமவில் கதிர்வீச்சுச் சிகிச்சை. மொத்தம் 25 தடவை, கிழமைக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு இல்லை. அதற்கு முன்னுள்ள பரிசோதனைகள், இடையில் வந்த விடுமுறை நாட்கள் எல்லாம் சேர்ந்து ஏழு கிழமை ஆகிவிட்டது. தங்கியது தெஹிவளையில் மாமா வீட்டில்.

இப்படிக் கொழும்பில் போய் இருந்தவர்கள் எங்கள் பாடசாலையிலேயே எத்தனையோ பேர் இருப்பார்கள். ஒருவருக்கு நோயாளி, ஒருவருக்கு வாப்பாவின் தற்காலிக இடமாற்றம், ஒருவருக்கு ராத்தாவின் பிள்ளைப்பேறு. சுற்றுலா என்றால் மூன்று நாளில் திரும்பிவிடலாம், குடிபெயர்வு என்றால் பாடசாலையில் சேர்ந்துவிடலாம். நாங்கள் இருந்தது இரண்டுக்கும் நடுவில். அந்த நடுவில் இருக்கும் பிள்ளைக்குக் கொழும்பில் இடமில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலை ஆறரைக்கு வீட்டிலிருந்து இறங்குவோம். வைத்தியசாலையில் காத்திருப்பு மூன்று மணித்தியாலம், சிகிச்சை சில நிமிடம். லுஹருக்கு முன் வீடு வந்துவிடுவோம். உம்மம்மா சாப்பிட்டுப் படுத்துவிடுவா. உம்மாவும் பக்கத்தில் சாய்ந்துவிடுவா. அதன்பிறகு மஃரிப் வரைக்கும் நானும் கூரையில் சுற்றும் காற்றாடியும்தான். முதற் கிழமை போனைப் பார்த்தேன். இரண்டாம் கிழமை போனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இதை வாசிக்கும் பெற்றோர் நம்பமாட்டீர்கள், ஆனால் போனுக்கும் ஓர் அலுப்பு உண்டு.

மாமாவின் மகனுக்கும் என் வயதுதான். அவரும் அதே பரீட்சை எழுதி முடித்தவர். திங்களும் புதனும் நீச்சல், சனிக்கிழமை கிரிக்கெட் பயிற்சி, மற்ற நாட்களில் கணினியில் வடிவமைப்புப் பழகும் வகுப்பு. அவரைக் குறை சொல்லவில்லை, நல்ல பிள்ளை. ஆனால் பின்னேரம் அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறும்போது, யாரும் அவரிடம் "எதுக்கு?" என்று கேட்டதை நான் கேட்டதில்லை.

நானும் தேடத் தொடங்கினேன். மாமி கூடவே வந்தா, அல்லாஹ் அவவுக்கு நற்கூலி கொடுக்கட்டும். காலி வீதியில் பெயர்ப்பலகை இல்லாத கட்டடமே இல்லை, அதில் பாதி ஏதோ ஒரு வகுப்பின் பலகை. முதலில் ஒரு கணினி நிலையத்துக்குப் போனோம். ஆறு மாத டிப்ளோமா. எனக்கு ஐந்து கிழமைதான் இருக்கிறது என்றேன். மேசையில் இருந்தவர் யோசிக்கவேயில்லை. "ஆறு மாதக் காசையும் கட்டிவிட்டு ஐந்து கிழமைக்கு வாங்க, சான்றிதழை ஊருக்கு அனுப்பிவைப்போம்" என்றார். படிக்காத ஐந்து மாதத்துக்கும் சேர்த்துச் சான்றிதழ்! மாமி சிரித்துவிட்டா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவதாக ஓர் ஆங்கில வகுப்பு. அங்கே முதலில் தரம் பார்க்கும் பரீட்சை, அதற்கொரு கட்டணம், பின்பு பதிவுக் கட்டணம், பின்பு புத்தகக் கட்டணம். இதெல்லாம் முடிந்த பிறகு புதிய குழு தொடங்குவது அடுத்த மாதம் 15ஆம் திகதி. நாங்கள் ஊர் திரும்புவது அதற்கு இரண்டு நாள் முன்னர். மூன்றாவது இடத்தில் தையல். அது நல்ல இடம், பெண்கள் மட்டும். ஆனால் முதல் மாதம் முழுக்கக் காகிதத்தில் வரைதல்தான், துணியில் கைவைப்பது இரண்டாம் மாதத்தில். ஒருநாள் கேக் வகுப்புகள் மாத்திரம் நிறைய இருந்தன. ஒன்றுக்கு நானும் மாமியும் போனோம். அன்று செய்த ஐசிங் பூ பஸ்ஸில் வரும்போதே உருகிவிட்டது. ஒருநாள் வகுப்பு ஒருநாளோடு முடிந்துவிடுகிறது, மறுநாள் மீண்டும் அதே காற்றாடி.

ஒருநாள் அல்லது ஆறு மாதம். இடையில் எதுவுமில்லை. ஏன் என்று யோசித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: இந்த நிலையங்கள் விற்பது படிப்பை அல்ல, சான்றிதழை. சான்றிதழுக்கு ஒரு நீளம் வேண்டும். தேசியத் தொழில் தகைமைக்கான பாடநெறிகள் மாதக்கணக்கில் நடப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தகைமையைக் காட்டி ஒருவர் தொழில் தேடப்போகிறார், அவருக்கு அரைகுறையாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் எல்லோரும் தொழிலுக்காகவா படிக்கிறோம்? ஒரு சட்டையின் கையை ஒழுங்காகப் பொருத்தத் தெரிந்தால் போதும் என்றிருப்பவளுக்கு ஆறு மாதம் எதற்கு? அந்தப் பாடத்திட்டத்துக்குள்ளேயே நான்கு கிழமைத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. எங்களைப் போல வந்து போகிறவர்கள் கொழும்பில் எப்போதும் இருக்கிறோம். ஒரு குடும்பம் ஊர் திரும்ப இன்னொரு குடும்பம் வந்து இறங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகளுக்கான விடுமுறைக்கால வகுப்புகள் என்று கொழும்பில் நடப்பவை பெரும்பாலும் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளைக் கணக்கில் வைத்தவை. எங்கள் முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறையோ நோன்பு மாதத்தில் வருகிறது. அதுவும் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்ந்துகொண்டே போகும். நாங்கள் ஓய்வாக இருக்கும்போது அவர்கள் பாடசாலையில், அவர்கள் ஓய்வாக இருக்கும்போது நாங்கள் பாடசாலையில். நோன்பு மாதத்தில் வகுப்பு வைக்க எங்கள் ஆட்களும் முன்வருவதில்லை. தராவீஹுக்குப் பெண்களுக்கு இடம் ஒழுங்கு செய்யும் பள்ளிவாசல்கள், பகலில் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளுக்கு ஏதாவது பழக்கவும் ஒழுங்கு செய்யலாம் என்றுதான் நினைக்கிறேன்.

இனிப் பெற்றோர்களிடம் வருகிறேன். நிலையங்களை மட்டும் குறை சொல்லிவிட்டு எழுந்து போனால் அது பாதி உண்மைதான். பெண்பிள்ளை தெரியாத நகரத்தில் வெளியே போகிறாள் என்றால் பெற்றோருக்குப் பயம் வரும். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. மாலை ஐந்தரைக்குக் காலி வீதியில் ஓடும் பஸ்ஸில் ஒருமுறை ஏறியிருந்தால் நீங்களும் பயப்படுவீர்கள். என் வருத்தம் எதுவென்றால், பயம் ஒரு கேள்வியாக வருவதில்லை, முடிவாகவே வருகிறது. எந்த வீதி, எத்தனை மணி, படிப்பிப்பது யார், அஸரை எங்கே தொழலாம், யார் கூட்டிவருவது? இவையெல்லாம் கேள்விகள், இவற்றுக்குப் பதில் தேடலாம். "வேணாம், ஊருக்குப் போய்ப் பார்ப்போம்" என்பது கேள்வியல்ல. ஊருக்குப் போனால் உயர்தரம் தொடங்கிவிடும். உயர்தரம் தொடங்கினால் எதையும் பார்க்க நேரமிருக்காது என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது.

"பரீட்சை எழுதிக் களைத்த பிள்ளை, ஓய்வாக இருக்கட்டுமே" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. பிள்ளையின் ஒவ்வொரு மணித்தியாலத்தையும் வகுப்பால் நிரப்புவது இந்தக் காலத்தின் ஒரு நோய். வகுப்பில்லாமலும் கொழும்பில் படிக்கலாம். மகரகமவிலிருந்து 138ஆம் இலக்க பஸ் பொது நூலகத்தின் பக்கமாகப் போகிறது. 1925இல் தொடங்கிய நூலகம் அது. மாமா விடுமுறை எடுத்த ஒரு நாளில் என்னைக் கூட்டிப்போனார். தமிழ்ப் புத்தகங்கள் இருந்த பகுதியில் பின்னேரம் வரை இருந்தேன், எழுந்து வர மனமில்லை. இன்னொரு நாள் நூதனசாலை. 1877இல் திறந்த அந்த வெள்ளை மாளிகையைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கட்டி முடித்தபின் உமக்கு என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவையுங்கள் என்றாராம். அப்படியொரு கதை சொல்வார்கள். ஒரு பாடப்புத்தகத்திலும் இதை நான் வாசித்ததில்லை. ஆக, ஓய்வு வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயமுண்டு. ஆனால் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது ஓய்வல்ல. அது காத்திருப்பு.

எனக்கு எது வேண்டும் என்பதை வைத்தியசாலைதான் காட்டித் தந்தது. உம்மம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். உம்மாவுக்குச் சிங்களத்தில் பத்துச் சொல். நான் 6ஆம் தரத்திலிருந்து 9ஆம் தரம் வரை இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்தவள், 80 புள்ளிக்குக் கீழே எடுத்ததில்லை. ஆனால் முதல்நாள் தாதி என்னிடம் ஏதோ கேட்டபோது என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், கதைக்கத் தெரியாது. அந்தத் தாதி நல்லவர். கையால் காட்டினார், சிரித்தார், இரண்டாம் முறையும் மெதுவாகச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்பது அவருக்கு விளங்கியது, அவ்வளவுதான். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது என்று குடியியல் பாடத்தில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் உம்மம்மாவுக்கு அந்தப் புள்ளியால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

அன்றிரவு மாமியிடம் சொன்னேன்: எனக்குக் கணினியும் வேண்டாம், தையலும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் கதைக்கிற சிங்களம் வேண்டும். அதுவரை நாங்கள் போன இடங்களிலெல்லாம் கேட்டது "இங்கே என்ன வகுப்பு இருக்கு?" என்றுதான். இப்போது கேள்வியைத் திருப்பிப் போட்டோம். "ஐந்து கிழமையில் இதைச் சொல்லித்தர யார் இருக்கா?" பதில் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர். பெயர்ப்பலகை இல்லை. மாமிக்கு அவரைப் பத்து வருடமாகத் தெரியும், ஆனால் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கிழமைக்கு மூன்று நாள், பின்னேரம் இரண்டரையிலிருந்து நான்கு வரை. வகுப்பு முடிந்து நடந்து வந்தால் அஸர் வீட்டில். கட்டணம் வகுப்புக்கு 500 ரூபா, வந்த நாளுக்கு மட்டும். உம்மா முதல்நாள் கூட வந்து வீட்டைப் பார்த்தா, டீச்சரைப் பார்த்தா, தேநீர் குடித்தா. அன்றிரவு வாப்பாவிடம் "நான் போய்ப் பார்த்தன், பிரச்சினை இல்ல" என்றா. அந்த ஒரு வசனத்தோடு வாப்பாவின் கேள்வி நின்றுவிட்டது.

14 வகுப்புகள் போனேன். டீச்சர் முதல்நாளே பாடப்புத்தகத்தை மூடச் சொன்னார். நாளை வைத்தியசாலையில் நீ என்னென்ன கேட்கவேண்டும், அதைச் சொல் என்றார். நான் தமிழும் கையும் கலந்து சொல்ல, அவர் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். அதை நான் சொல்ல, அவர் திருத்தினார். மறுநாள் காலை வைத்தியசாலையில் அதையே கதைத்தேன். எந்தச் சொல் அங்கே எடுபடவில்லையோ அதைப் பின்னேரம் கொண்டுவந்தேன். எனக்கு வீட்டுவேலை தந்தது டீச்சரல்ல, வைத்தியசாலைதான். நான்கு வருடத்தில் வராதது எனக்கு அந்த ஐந்து கிழமையில் வந்தது. என் பாடசாலை ஆசிரியைகள் கோபிக்கவேண்டாம். அங்கே நாங்கள் 40 பேர், இங்கே நான் ஒருத்தி. அதோடு அங்கே பரீட்சைதான் என்னைக் கேள்வி கேட்டது, இங்கே கேட்டது உம்மம்மா.

நான்காம் கிழமை உம்மம்மாவின் தோல் கறுத்துவிட்டது. "எரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. அன்று மாமா வரவில்லை. அதற்கு முன்பு மாமா அவசரத்தில் "ரிதெனவா" என்றுதான் சொல்லிவந்தார், அதாவது வலிக்கிறது என்று. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள், அது நியாயம்தான். ரிதெனவா வேறு, தனவா வேறு என்பது எனக்கு டீச்சரின் எட்டாவது வகுப்பில் தெரிந்தது. முன்னது வலி, பின்னது எரிவு. நான் தாதியிடம் போய் "ஹம தனவா" என்றேன். தோல் எரிகிறது. அவர் உடனே எழுந்துவந்து சேலையை விலக்கிப் பார்த்தார், டொக்டரைக் கூப்பிட்டார், பூசுவதற்கு மருந்து எழுதினார்கள். எந்தத் துணி படவேண்டும், எதைப் பூசக்கூடாது என்று அவர் சொன்னதையெல்லாம் நான் உம்மாவுக்குச் சொன்னேன். இடையில் இரண்டு சொல் விளங்கவில்லை, திருப்பிக் கேட்டேன். திருப்பிக் கேட்பதும் டீச்சர் பழக்கியதுதான்.

இதற்கு எந்த நிலையமும் எனக்குச் சான்றிதழ் தரவில்லை.

கொழும்பில் உள்ள எங்கள் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் பெண்கள் அமைப்புகளுக்கும் ஒன்று சொல்ல ஆசை. வெளியூரிலிருந்து நோயாளியோடு வருபவர்களுக்கு நீங்கள் தங்க இடம் கொடுக்கிறீர்கள், சாப்பாடு கொடுக்கிறீர்கள். பெரிய காரியம். கூடவே வந்த பிள்ளையையும் ஒருமுறை பாருங்கள். புதிய கட்டடம் வேண்டாம், பதாகை வேண்டாம், திறப்பு விழா வேண்டவே வேண்டாம். அந்தப் பகுதியில் வீட்டிலிருந்து கற்றுக்கொடுக்கக்கூடிய பெண்களின் விபரம் உங்கள் அலுவலகத்தில் ஒரு கொப்பியில் இருந்தால் போதும். தையல் தெரிந்தவர், சிங்களம் தெரிந்தவர், கணக்கு வைக்கத் தெரிந்தவர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. என் டீச்சர் பத்து வருடம் இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் இருந்தும் யாருக்கும் தெரியாமல் இருந்தார். அவரைப் போல எத்தனை பேர் பின்னேரங்களில் தனியே இருக்கிறார்களோ!

தோழிகளே, உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நீண்ட தங்கல் வந்தால், பஸ்ஸில் ஏறும்போதே எது வேண்டும் என்று ஓரளவு முடிவுசெய்துகொள்ளுங்கள். நான் இரண்டு கிழமையை அதிலேயே தொலைத்தேன். பதிவுக் கட்டணம் கேட்கும் இடத்தில் காசு கட்டமுன், கடைசி நாளில் என் கையில் என்ன இருக்கும் என்று கேளுங்கள். ஒரு சட்டையா, பத்து நிமிடக் கதையா, ஒரு வரைபடமா? அவர்கள் சான்றிதழைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். உம்மாவை முதல்நாளே கூட்டிப்போங்கள். அது உங்கள் வயதுக்கு வெட்கமல்ல, மற்ற எல்லா நாளையும் வாங்கித் தருவது அந்த முதல்நாள்தான். வகுப்புக்கு வகுப்பு காசு கொடுக்கும் ஒழுங்கைக் கேளுங்கள். வைத்தியசாலை நாட்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நான் தவறவிட்ட வகுப்புக்கு டீச்சர் காசு வாங்கியிருந்தால் உம்மா என்னை அடுத்த கிழமையே நிறுத்தியிருப்பா.

எல்லாம் கொழும்பின் குறை என்றும் சொல்லமுடியாது. போன ஆகஸ்ட் விடுமுறைக்கு மாமாவின் இளைய மகள் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று கிழமை இருந்தாள். வயது 14. நான் ரியூஷனுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அவள் என் அறையில் போனைப் பார்த்துக்கொண்டு, அலுத்தபோது காற்றாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எங்கள் ஊர்க் கைத்தறிச் சேலையையும் சாரனையும் நாடு முழுக்கத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் தறி ஓடுகிறது, சத்தம் அறைக்குள் கேட்கும். ஒருநாள் அவள் கேட்டாள், "ராத்தா, அது என்ன சத்தம்?" நான் "தறி" என்றுவிட்டு ரியூஷனுக்குப் போய்விட்டேன். அவளைக் கூட்டிப்போய், இந்தப் பிள்ளைக்கு மூன்று கிழமையில் ஒரு முழம் துணி நெய்யப் பழக்குவீங்களா என்று அந்த மாமியிடம் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. கொழும்பு எனக்குச் செய்ததைத்தான் நான் அவளுக்குச் செய்திருக்கிறேன்.

வருகிற விடுமுறைக்கும் வருகிறாளாம், மாமி நேற்று தொலைபேசியில் சொன்னா. தறி வீட்டு மாமியிடம் இன்று போய்க் கேட்டேன். நான்கு நாள் நூல் சுற்றட்டும், பிறகு தறியில் இருத்திப் பார்ப்போம் என்றா. காசு எவ்வளவு என்றேன். "நெய்யுற துணியப் பார்த்திட்டுச் சொல்றன்" என்றா.